இரண்டாவது தும்மல்

ஊரின் மகரந்த அளவைக் குழந்தைவேலுவின் மூக்கில்தான் எடுத்தார்கள். ஏழு வருடமாக அப்படித்தான். அதற்கு முன் தாலுகா அலுவலக மொட்டைமாடியில் ஒரு கருவி இருந்தது. அதில் காக்கை கூடு கட்டிவிட்டது. அன்றைக்கு ஏதோ சான்றிதழுக்காக வரிசையில் நின்றிருந்த குழந்தைவேலு பதினான்கு முறை தும்மினான். கருவி கடைசியாகக் காட்டியிருந்த எண்ணும் பதினான்கு. பிறகு யாரும் கருவியைத் தேடவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்குக் கணிப்பாளர் வேதமூர்த்தி வீட்டுக்கு வருவார். மடக்கு நாற்காலியை அவரே கொண்டுவருவார். குழந்தைவேலுவின் மோவாய்க்குக் கீழே அலுவலகத் துண்டைப் பிடிப்பார். அந்தத் துண்டை ஒருநாளும் துவைத்ததில்லை. விறைத்துப்போய், ஓரமெல்லாம் பச்சை பிடித்து, மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தும்மியதும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"நேத்தைவிட இன்னிக்குக் கெட்டிங்க" என்பார். துண்டைத் தடவிய விரலையே நாக்கில் தொட்டுப் பதிவேட்டைத் திருப்புவார்.

அவர் எழுதும் எண்ணைத் தெருமுனை ஒலிபெருக்கி சொல்லும். இரண்டென்றால் ஒவ்வாமைக்காரர்கள் வெளியே போகலாம். பன்னிரண்டைத் தாண்டினால் எல்லோரும் ஜன்னலைச் சாத்த வேண்டும். மூன்று மாதமாக ஊர் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தது.

குழந்தைவேலுவின் மகள் நித்திலாவுக்குப் பதினாறு வயது. மூன்று மாதமாக அவள் நெஞ்சு, விசில் வரப்போகும் குக்கர் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அவள் அம்மா போன வருடமே கடற்கரை ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போயிருந்தாள். அங்கே காற்றில் உப்பு மட்டும்தான். ஒவ்வாமைக்காரர்களுக்கான பஸ் அங்கே போகும். அளவு இரண்டாக இருக்கும் நாளில், பதினொரு மணிக்கு மட்டும் போகும். இன்னொரு மாதம் நித்திலா இங்கே இருந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். தினமும் திரும்ப வைப்பாள்.

அன்று குழந்தைவேலு ஒரு தும்மல் போட்டான். அவ்வளவுதான்.

"ஒண்ணு!" நித்திலா பையைத் தோளில் மாட்டினாள். "ரெண்டவிடக் கம்மி. கிளம்பறேன்ப்பா."

வேதமூர்த்தி பேனாவை மூடினார். "ஒத்தத் தும்மல எப்படிம்மா எழுதறது? ஊரே வெளிய காலெடுத்து வெக்கப்போகுது. சகுனம் பாக்க வேண்டாமா?"

"மகரந்தத்துக்கும் சகுனத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பதிவேட்டுல ஒத்தப்படைக்குக் கட்டமே இல்ல கண்ணு."

காட்டினார். இரண்டு, நான்கு, ஆறு என்றுதான் கட்டங்கள் இருந்தன. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது நூல் நூலாக இழுத்தது.

"ரெண்டாவது வர்ற வரைக்கும் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேதமூர்த்தி பருப்புவடைப் பொட்டலத்தைப் பிரித்தார். மென்றுகொண்டே குனிந்து மூக்குத் துவாரத்துக்குள் பார்த்தார். ஒரு பருப்பு உள்ளே தெறித்தது. அப்போதும் தும்மல் வரவில்லை.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. ஒற்றைத் தும்மல் செய்தி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் ஒரு காலைத் தூக்கியபடி காத்திருந்தார். பால்காரர் சைக்கிளின் மேல் அந்தரத்தில் நின்றார்.

ஒன்பதரைக்குக் குழந்தைவேலுவின் மூக்கு திறந்துகொண்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. உலகம் மொத்தமாக உள்ளே வந்தது. துண்டின் புளித்த வாடை வந்தது. வேதமூர்த்தியின் கக்கத்து ஈரம், வடையின் காறல் எண்ணெய், அலமாரியில் மாதவாரியாகப் பாட்டிலில் போட்டு மூடியிருந்த தன் பழைய சளி. அது அழுகிய பலாச்சுளை மாதிரி இனித்தது. இந்த வீட்டிலா சோறு தின்றோம் என்று நினைத்தான்.

"மூக்கு சுத்தமா இருக்குதுங்க. இனி தும்மல் வராது" என்றான்.

"வரலீன்னா இன்னிக்கு நாளே கெடையாதுங்க. பஸ்ஸும் கெடையாது."

நித்திலாவின் நெஞ்சு இரைந்தது. குழந்தைவேலு பக்கத்து வீட்டுச் சென்னியப்பனைக் கூப்பிட்டான்.

சென்னியப்பன் தை மாதத்திலிருந்து பூத்திருந்தார். இரண்டு காதுகளிலிருந்தும் சட்டைக் காலரிலிருந்தும் மஞ்சள் கொத்துகள் தொங்கின. ஈ மொய்த்தது. கழுத்தில் வனத்துறையின் தகர எண். மெதுவாக நடந்து வந்தார். நடந்த இடமெல்லாம் மஞ்சள் மாவு கொட்டியது.

"கொஞ்சம் உலுக்கிக்கட்டுங்களா அண்ணா?"

"நல்லா உலுக்கு தம்பி. எனக்கும் அரிப்புத் தாங்கல."

நித்திலாவை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினான். பிறகு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்து உலுக்கினான். கொத்துகள் வெதுவெதுப்பாக, வழவழவென்று இருந்தன. ஒன்று வாய்க்குள் போயிற்று. தும்மினான்.

"ரெண்டு" என்றார் வேதமூர்த்தி. எழுதினார். ஒலிபெருக்கி சொன்னது. தெரு முழுக்கக் கால்கள் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன.

சென்னியப்பன் போனதும் நித்திலா முகமூடியோடு வெளியே வந்தாள். அவள் படியிறங்கும்போது குழந்தைவேலுவுக்கு மூன்றாவது கிளம்பியது.

வேதமூர்த்தி பேனாவைத் திறந்தார். "இன்னும் ஒண்ணு வருதுங்களா?"

குழந்தைவேலு தலையாட்டி மறுத்தான். வாயை இறுக்கினான். தும்மல் அண்ணத்தில் முட்டியது. வெதுவெதுப்பாக, முடியோடு, உயிருள்ளது போலப் புரண்டது. அதை முழுசாக விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அழாதப்பா. பொங்கலுக்கு வந்துருவேன்" என்றாள் நித்திலா. அவன் வாயைத் திறக்காமல் கையாட்டினான். அவளை ஏற்றிக்கொண்டு ஆட்டோ பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று.

அது கண்ணுக்கு மறைந்ததும் அவன் காது அரித்தது. விரலை விட்டான். நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

வேதமூர்த்தி நாற்காலியை மடக்கியபடி பார்த்தார். "நாளையிலிருந்து நான் வரலீங்க. உங்களுக்கு வனத்துறை ஆளு வருவாரு."

"எம்பொண்ணு பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்குதுங்க."

"அதுக்குள்ள கவாத்துப் பண்ணி வெட்டி விட்டுருவாங்க. கழுத்து வரைக்குந்தான்."

சென்னியப்பன் வேலி ஓரத்தில் இடம்விட்டு நகர்ந்தார். குழந்தைவேலு போய் அவர் பக்கத்தில் நின்றான். காற்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து அடித்தது. மணி பத்தே முக்கால்தான். அவன் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பதினொரு மணி ஆகட்டும் என்று நின்றான்.