ஒரு விரல் இடம்

எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டு போடுவது என் பிழைப்பு. அதனால் எந்த விளையாட்டும் எனக்கு விளையாட்டாகத் தெரியாது. சைக்கிள் என்றால் தோள், ஸ்கேட்டிங் என்றால் மணிக்கட்டு. இப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்துவிட்டு, பாறை ஏறப் போகிறேன் என்று ஒருத்தி வந்து நின்றாள்.

வயது பதினாறு. வீட்டில் அவள் பெயர் பல்லி. வைத்தவர் அவள் அப்பா. ஒரு வருடமாகப் பயிற்சிக் கூடத்துச் சுவரில் கயிறு கட்டி ஏறுகிறாள். அதையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் பொறுத்திருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை நிஜப் பாறைக்குக் கூட்டிப் போகிறார்களாம்.

"முடியாது," என்றேன்.

"விழுந்தவங்கள மட்டுமே நீ பாக்கற. விழாதவங்க எதுக்கு உங்கிட்ட வரப் போறாங்க?" என்றார் அவள் அப்பா.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் குழிக்கு மேல் நின்று வேலை பார்க்கிறவர். மனிதருக்குக் கயிற்றின் மேல் இருக்கிற நம்பிக்கை என் மேல்கூடக் கிடையாது.

"ரெண்டு பேரும் ஒரு தடவ வந்து பாருங்க," என்றாள் பல்லி. "அப்புறமும் வேண்டாம்னா போகல."

சனிக்கிழமை மாலை பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். ஒருத்தர் ஏறும்போது, கீழே நிற்பவர் கயிற்றின் மறுமுனையை இடுப்புக் கருவியில் கோத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தார். ஏறுவதற்கு முன் ஒருவர் கட்டியதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். குளியலறைக் குழாயை ஒருநாளும் ஒழுங்காக மூடாதவள், அப்பாவின் இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தாள். தன் முடிச்சை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள்.

முதலில் அவர் பிடித்தார். தொழில் புத்தி போகுமா? அவள் கையைத் தூக்கினால் இவர் கயிற்றை இழுத்தார். காலைத் தூக்கினால் இன்னும் இழுத்தார். விறுவிறுவென்று மேலே போனவள் பாதியில் நின்றாள்.

"அப்பா, நான் ஏறல. நீங்க தூக்குறீங்க."

"கயிறு தொங்கக் கூடாதும்மா."

"நான் லிஃப்ட் இல்லப்பா. இறக்கி விடுங்க."

இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "அம்மா, நீ பிடி."

அவர் கழற்றிக் கொடுத்த இடுப்பு வாரை மாட்டிக்கொண்டேன். பயிற்சியாளர் எனக்குப் பின்னால் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி நின்றார். முதலில் நானும் பயத்தில் இறுக்கினேன். பிறகு, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் தினமும் கத்துவது நினைவுக்கு வந்தது. பயந்துபோய் இறுக்கிக் கட்டாதே, ரத்தம் ஓடாது. லொடலொடவென்று விட்டால் எலும்பு நகர்ந்துவிடும். ஓரத்தில் ஒரு விரல் நுழைய இடம் வை. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவள் தானே ஏற ஆரம்பித்தாள்.

ஓர் இடத்தில் கால் வழுக்கியது. கயிறு என் இடுப்பைச் சுண்டி இழுத்தது, குதிகால் தரையைவிட்டு எழும்பியது. அவள் கொஞ்சமே இறங்கித் தொங்கினாள்.

"பிடிச்சிருக்கேன்," என்றேன். என் குரல் நடுங்கவில்லை என்பதில் எனக்கே ஆச்சரியம்.

மறுபடி ஏறினாள். உச்சிக்கு இன்னும் இரண்டு பிடிதான். கீழே அவள் சிநேகிதிகள், "இன்னும் கொஞ்சம்தான், போ போ," என்று உற்சாகப்படுத்தினார்கள். அந்த வார்த்தை எனக்குப் பழக்கம். என் மேஜையில் படுப்பவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள்: இன்னும் கொஞ்சம்தானேன்னு நெனச்சேன் சிஸ்டர்.

பல்லி கையை உதறினாள். மேலே பார்த்தாள். பிறகு கீழே என்னைப் பார்த்தாள்.

"அம்மா, கை போதும்ங்குது. இறங்குறேன்."

இறக்கினேன். தரையைத் தொட்டதும் அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்தது, அவமானம் இல்லை. எனக்கு அழுகை வந்தது. போதும் என்று திரும்பி வரத் தெரிந்த பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டேன்.

முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றுவிட்டன. "நீயும் வர்றியா?"

"நானும் வரேன்," என்றார் அவர்.

"வாங்க," என்றேன். "கயித்த மட்டும் தொடாதீங்க."