விசிலடித்த விளக்கு

லென்ஸின் அண்ணி மாட்டு டாக்டர். அவருடைய ஜீப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டதும், ஒரு எருமை அதை இழுத்து வெளியே போட்டதுமான செய்தி, அண்ணி வீடு வந்து சேர்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. போதாததற்கு, இழுத்த எருமை அன்று அண்ணியிடம் ஊசி போட்டுக்கொண்ட அதே எருமை என்பதும் கூடவே வந்து சேர்ந்தது.

"டாக்டரை நோயாளி காப்பாத்தினதை இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றார் அண்ணன். அவர் பேக்கரிக்காரர். கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அந்தப் பாதையில ஒரு நாள் நீங்க ஓட்டிப் பாருங்க தெரியும். என் ஹெட்லைட் எரியுதான்னு பாக்கறதுக்கே ஒரு டார்ச் வேணும்," என்றார் அப்போதுதான் உள்ளே வந்த அண்ணி.

அண்ணி போகும் பண்ணைகளெல்லாம் தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்து, ரோடு என்று சொல்ல எதுவுமே இல்லாத இடத்தில் இருந்தன. மாடுகளும் பொழுது பார்த்துக் கன்று போடுவதில்லை.

"கவலைய விடுங்க அண்ணி. ஜீப்புல மாட்ட நானே ஒரு எல்.இ.டி. லைட் பார் செஞ்சு தர்றேன்," என்றான் லென்ஸ்.

அண்ணனும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லென்ஸ் அண்ணனின் தம்பி. மாடி அறையில் தங்கிக்கொண்டு கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். கடைசியாக அவன் கையால் செய்தது வீட்டு வாசலுக்கு ஒரு தானியங்கி மணி. யார் வந்தாலும் வாய் திறக்காது, மழை வந்தால் மட்டும் அடிக்கும்.

"கடையிலயே விக்குதேப்பா," என்றார் அண்ணி பக்குவமாக.

"விக்குது. ஆனா லென்ஸ் சரியில்ல. வெளிச்சம் கண்ட பக்கமும் சிதறிப்போகும். நான் நடுவுல தூரத்துக்குப் போற லென்ஸ் வைப்பேன், ரெண்டு ஓரத்துலயும் அகலமா விரியற லென்ஸ் வைப்பேன். பாதையும் தெரியும், பக்கத்துல பள்ளமும் தெரியும்."

பள்ளம் என்ற சொல் அண்ணியை அசைத்தது. சரி என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது. சாப்பிடுகிறவர்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எல்.இ.டி.க்களை வரிசையாகப் பதிக்க நீளமான உலோகப் பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. அண்ணனின் பேக்கரியில் நீள ரொட்டி வேகும் டின் ஒன்று, அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. லென்ஸ் கேட்காமல் எடுத்து வந்தான். கேட்டால் கிடைக்காது என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பற்றவைத்து, ஒயர் இழுத்து, பழைய பேட்டரியில் கொடுத்தபோது அறை பளீரென்று வெளுத்தது. அண்ணி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "அடேயப்பா!" என்றார். லென்ஸுக்கு உச்சி குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. ஓரத்திலிருந்து ஒவ்வொரு விளக்காகச் சிவந்து, மங்கி, கண்ணை மூடியது. இந்த விளக்குகள் வெளிச்சத்தோடு நல்ல சூட்டையும் கக்கும். அந்தச் சூட்டை வாங்கி வெளியே விட மெல்லிய தகரத்துக்குத் தெம்பு போதவில்லை.

வாடையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார்.

"ரொட்டி வெந்துடுச்சா?"

"அண்ணே, அது வந்து..."

"வெந்துடுச்சா, இல்லையா?"

"கருகிடுச்சு."

"டின்னா?"

"டின்னுக்கு ஒண்ணுமில்ல. லைட்டுதான்."

"அப்பச் சரி," என்று அண்ணன் விளக்குகளைப் பெயர்த்து மேசையில் கொட்டிவிட்டு, டின்னோடு போய்விட்டார்.

இரண்டாவது முறை லென்ஸ் கனமான அலுமினியத்துக்குப் போனான். ரேடியோ ரிப்பேர்க் கடையின் கழிவுக் குவியலில், பழைய ஆம்ப்ளிஃபயரின் முதுகு ஒன்று கிடைத்தது. சூடு போவதற்காக அதில் சீப்புப் பல் போல வரிசையாகத் தகடுகள். ஒவ்வொரு விளக்குக்கும் அடியில், சூடு கடத்தும் பசையை ரொட்டியில் வெண்ணெய் தடவுவது போல மெல்லிசாகத் தடவி உட்கார வைத்தான். மேலே லென்ஸ்கள், அதற்கும் மேலே அக்ரிலிக் கண்ணாடி, சுற்றிலும் தண்ணீர் புகாதபடி சிலிகான் பூச்சு. இந்த முறை எரிய விட்டபோது கை பொறுக்கும் சூடுதான் இருந்தது.

தண்ணீர் புகுகிறதா என்று பார்க்கத் துணி துவைக்கும் தொட்டியில் முக்கினான். ஒரு மூலையிலிருந்து குமிழி குமிழியாக வந்தது.

"மூச்சு விடுது பாரு," என்றார் அண்ணி. "உசிரு இருக்கு. இங்க குடு, ஊசி போட்டு அனுப்பறேன்."

லென்ஸ் அந்த மூலையில் இன்னொரு பூச்சுப் பூசினான்.

அடுத்த தகராறு எங்கே மாட்டுவது என்பதில். அண்ணி பம்பரில் என்றார். லென்ஸ் கூரையில் என்றான்.

"உயரத்துல இருந்தாத்தான் அண்ணி தூரம் தெரியும்."

உண்மையில் கூரையில் இருந்தால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்பதுதான் விஷயம். அண்ணிக்கு அவசரமாக ஒரு குதிரையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. எங்கேயாவது மாட்டித் தொலை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். லென்ஸ் கூரையில் துளை போட்டு, முறுக்கி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸும் ரிலேயும் வைத்து ஒயரை உள்ளே இழுத்து, டேஷ்போர்டில் ஒரு சிவப்பு சுவிட்சும் பொருத்தினான்.

மறுநாள் அந்தி மயங்கும் நேரத்தில் வெள்ளோட்டம். ஜீப் வேகம் எடுத்ததும் எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்பியது.

"என்ன சத்தம் அது?" என்றார் அண்ணி.

"இன்ஜினா இருக்கும் அண்ணி."

"என் இன்ஜினுக்கு இவ்வளவு நல்ல குரல் கிடையாது."

அந்தச் சீப்புப் பற்களுக்குள் காற்று புகுந்து புகுந்து வெளியேறியது. வேகம் கூடினால் சுருதி ஏறியது, குறைத்தால் இறங்கியது. தெருவுக்குத் தெரு நாய்கள் காதை நிமிர்த்திக்கொண்டு எழுந்தன. முதலில் ஒன்று, பின்னாலேயே ஒன்று, அப்புறம் ஒரு கூட்டம். அண்ணி கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"பரவாயில்ல லென்ஸு. தடுப்பூசி போடணும்னு நான் தேடிட்டிருந்த நாயெல்லாம் தானா வருது."

அவன் சீட்டில் ஒரு பிடி சுருங்கிப்போனான். வீட்டுக்கு வந்ததும் பற்களைச் சுற்றி நைலான் கயிற்றை இறுக்கிச் சுற்றினான். காற்று சிதறி, விசில் பெருமூச்சாகக் குறைந்தது.

சில நாள் கழித்து, விடிவதற்கு முன்னால் ஒரு பண்ணையிலிருந்து போன் வந்தது. பசு ஒன்று வெகு நேரமாக முக்கிக்கொண்டிருக்கிறது, கன்று வரவில்லை. அண்ணி பையைத் தூக்கியபோது லென்ஸ் வாசலில் ஸ்வெட்டரோடு நின்றான்.

"நீ எங்க? ரத்தத்தைப் பாத்தா மயங்கி விழுவியே."

"நான் பசுவைப் பாக்க வரலை. லைட்டைப் பாக்க வர்றேன்."

தார் ரோடு தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. மண் பாதையில் அண்ணி சிவப்பு சுவிட்சைத் தட்டினார். அவ்வளவுதான், ஜீப்புக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. பாதையும் இல்லை, புதரும் இல்லை. பிரேக்கை அழுத்தினார்.

"என்னப்பா இது, பால் டப்பாக்குள்ள ஓட்டற மாதிரி இருக்கு?"

லென்ஸுக்குப் புரிந்துவிட்டது. கண்ணுக்கு மேலே இருந்து அடிக்கிற வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டு ஏன் கூசுகிறது என்று அவன் கடைக்கு வருகிறவர்களுக்குப் பாதி நாள் விளக்கிக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

"கீழ இருந்து அடிச்சா பனிக்கு அடியில போகும் அண்ணி."

"கீழன்னா?"

"பம்பர்ல."

"யாரு சொன்னா பம்பர்லன்னு?"

"நீங்கதான்."

"எப்ப?"

"முதல்லயே."

"ஸ்பேனர் சீட்டுக்கு அடியில இருக்கு. இறங்கு."

ஈரச் சேற்றில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தில் லென்ஸ் வேலை பார்த்தான். பம்பரில் அதற்கான துளை கிடையாது. விசிலை அடக்கச் சுற்றிய அதே நைலான் கயிற்றை அவிழ்த்து, கூரையிலிருந்து ஒயரோடு கழற்றி இறக்கிய விளக்கைப் பம்பரோடு வரிந்து கட்டி, மூஞ்சியைச் சற்றுத் தரையைப் பார்க்கத் தாழ்த்தினான். குளிரில் அவனுடைய பற்கள் கிட்டித்தன. "போடுங்க அண்ணி!"

வெளிச்சம் தரையோடு தரையாக ஓடியது. சக்கரத் தடம், கல், இடது பக்கம் ஆளை விழுங்கக் காத்திருந்த ஒரு வெட்டுப் பள்ளம், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அண்ணி கியரை மாற்றி வேகம் எடுத்தார். லென்ஸுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பண்ணையில் கரண்டு இல்லை. பண்ணைக்காரரும் அவர் மனைவியும் ஒரு லாந்தரை வைத்துக்கொண்டு தவித்தார்கள். அண்ணி ஜீப்பைத் தொழுவத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினார். இன்ஜின் சத்தத்துக்குப் பசு மிரண்டது, இன்ஜினை அணைத்தார். விளக்கு நேரே கண்ணில் பட்டதும் இன்னும் மிரண்டது. லென்ஸ் ஓடிப்போய்க் கயிற்றை நெகிழ்த்தி விளக்கை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பினான். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தொழுவம் முழுக்க மெதுவாகப் பரவியது.

அண்ணி பசுவுக்குள் தோள் வரை கையை விட்டுத் தேடினார். "ஒரு முன்னங்கால் உள்ளயே மடங்கிக் கிடக்கு." வெகு நேரம் கண்ணை மூடிக்கொண்டு, எதையோ ஞாபகப்படுத்திக்கொள்பவர் போலத் துழாவினார். பிறகு கன்றின் கால்களில் ஒரு கயிற்றைக் கட்டினார். "வந்துடுச்சு. லென்ஸு, இந்தக் கயிறைப் பிடி. அவ முக்கும்போது மட்டும் இழு."

"நானா?"

"இவரு பசுவைப் பிடிச்சிருக்காரு. அந்தம்மா வெந்நீர் வெச்சிருக்காங்க. வேற யாரு?"

லென்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டான். அது இல்லாவிட்டால் அவனுக்கு உலகமே மங்கல்தான்; இந்த வேலைக்கு மங்கலே சௌகரியம் என்று தோன்றியது. இழுத்தான். நிறுத்தினான். மறுபடி இழுத்தான். திடீரென்று கயிறு லேசாகி, அவன் வைக்கோலில் மல்லாந்து விழ, சூடான ஈரமான ஏதோ ஒன்று அவன் காலின் மேல் வந்து விழுந்தது.

"கன்னுக்குட்டி!" என்று பண்ணைக்காரரின் மனைவி கத்தினார்.

அவன் அவசரமாகக் கண்ணாடியைத் தேடி மாட்டினான். நனைந்த காதுகளை ஆட்டிக்கொண்டு அது தும்மியது. லென்ஸுக்கு மயக்கம் வரவில்லை. மூக்குதான் அடைத்துக்கொண்டது, பனியினால் என்று சொல்லிக்கொண்டான்.

கன்று தடுமாறி எழுந்து தாயிடம் பால் குடிக்கும்வரை எல்லோரும் அங்கேயே நின்றார்கள். வெளியே வெயில் வந்துவிட்டது. பொழுது விடிய விடிய விளக்கு மங்கிக்கொண்டே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. அண்ணி ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார். டக் என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"லைட்டை அணைச்சியா?"

"எரிஞ்சிட்டா இருந்துச்சு?"

"அதைத்தான் உன்னைக் கேக்கறேன்! பேட்டரி போச்சு!"

நல்லவேளையாகப் பண்ணைக்கு முன்னால் ஒரு சரிவு. லென்ஸும் பண்ணைக்காரரும் அவர் மனைவியும் சேர்ந்து தள்ளினார்கள். ஜீப் உருண்டது, இருமியது, உதறிக்கொண்டு கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை.

"ஓடி வா! நிறுத்தினா அணைஞ்சிடும்!" என்று அண்ணி ஜன்னல் வழியே கத்தினார்.

உடம்பெல்லாம் சேறும் வைக்கோலுமாக லென்ஸ் ஓடினான். கதவைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான், தாவி உள்ளே விழுந்தான். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வழியெல்லாம் பசுவைப் பற்றி விசாரிக்கப் பண்ணை ஆட்கள் கைகாட்டி ஜீப்பை நிறுத்தப் பார்த்தார்கள். அண்ணி எங்கும் நிறுத்தவில்லை. லென்ஸ்தான் தலையை வெளியே நீட்டி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"பசு நல்லா இருக்கு! கன்னு நல்லா இருக்கு! எங்களாலதான் நிக்க முடியாது!"