கோடு அறுபடும் இடம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் சக்கரபாணியுடையது. "எழுதிக்கோங்க, பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார். (மாற்றிவிட்டேன்.)

போன வருஷம், 1961இல், அவர் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வாங்குபவர்களும் விற்பவர்களும் ஒத்துப்போகிற விலை ஒன்று எப்போதும் உண்டா? விலை மாற மாற எவ்வளவு வாங்குவார்கள், விற்பார்கள் என்று காட்டும் கோடுகள் அறுபடாமல் ஓடினால் உண்டு என்கிறது கணிதம். அவர் பிறந்த வைத்திக்குப்பத்தில் கோடு அறுபடும். வஞ்சிரம் ஓரணா ஏறினால் அவர் தெரு பச்சையம்மாள் குறைத்து வாங்கமாட்டார், வாங்கவே மாட்டார்.

2

அதைத் தட்டச்சு செய்ய வந்தவள் சந்திரகலா. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவள் பார்ப்பதற்கு...

(வேண்டாம். அழகைப் பற்றி சக்கரபாணி எதுவும் சொல்லவில்லை. பிழை வந்தால் உதட்டைக் கடிப்பாள் என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்.)

பதினான்காம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"முசே, அறுந்த கோடு சேரவே சேராதா?"

"நெறைய பேர் இருந்தா சேந்துடும். ஒருத்தர் இங்க தாண்டுவாங்க, ஒருத்தர் அங்க. மொத்தத்துல நிரவிடும்."

"ஒரே ஆளா இருந்தா?"

"இந்தப் பக்கம், இல்லன்னா அந்தப் பக்கம். நடுவுல நிக்க முடியாது."

நாற்பது பக்கத்தைத் தட்டச்சு செய்ய எட்டு மாதம் ஆனது. இரண்டு வாரத்து வேலை என்பது இருவருக்குமே தெரியும்.

3

இந்த ஆகஸ்டில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். அவள் வீட்டார் பிரான்சுக்குப் புறப்பட்டார்கள்.

"நீங்களும் எழுதிக் குடுங்க. ஒரு கையெழுத்துதான்" என்றாள்.

கடலுக்குப் போன அண்ணன் குமாரவேல் திரும்பாததிலிருந்து, அண்ணியும் மூன்று பிள்ளைகளும் சக்கரபாணியை நம்பித்தான் இருக்கிறார்கள். அவளுக்கும் அது தெரியும்.

"குடுக்கறேன்" என்றார். கொடுக்கவில்லை. நவம்பரில் அவள் கப்பல் ஏறினாள்.

4

அவர் படிவத்தைக் கிழிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். மார்சேய் துறைமுகத்தில், குளிரில், அவள் காத்து நிற்பதாக இன்னொன்று. (நான் மார்சேயைப் பார்த்ததில்லை.) இரண்டையும் அடித்துவிட்டேன்.

நேற்று ஆசிரியர் அறையில் சக்கரபாணி எதிரே வந்து உட்கார்ந்தார். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். யாரோ செத்த செய்தி போலச் சொன்னார்.

"கதைய எழுதிட்டீங்களா?"

"முடிவு மட்டும் பாக்கி."

"அதுல நான் போறேனா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பதில் தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள். பிப்ரவரி வரை கெடு இருக்கிறது.