எண்ணூறு கஜத்தில் ஒரு சாண்

டோர்லா புரூயிட்டின் துப்பாக்கியில் குறிபார்க்க மாட்டியிருந்த பழைய ஸ்கோப், மே மாதத் துப்பாக்கி சுடும் போட்டியின் நடுவில் உயிரை விட்டது. டயலைத் திருகினால் கிளிக் கிளிக் என்று சத்தம் மட்டும் ஒழுங்காக வந்தது. உள்ளே குறுக்குக்கோடு இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

"செத்துப்போச்சு. நான்தான் கொன்னுட்டேன்," என்றாள் டோர்லா.

பக்கத்தில் தொலைநோக்கியோடு குப்புறப் படுத்திருந்த எம்மெட் சாண்ட்விக் ஆமாம் என்று தலையாட்டினான். டோர்லா குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள். வயோமிங்கின் அந்த வட்டாரத்தில் அவளுடைய டிரக் போகாத பண்ணை கிடையாது. டிரக்கின் பின்னால் ஐம்பது கிலோ பட்டடைக்கல் ஒன்று, கட்டியும் கட்டாமலும், குண்டும் குழியுமான பாதைகளில் குதித்துக்கொண்டே வரும். துப்பாக்கியும் அதற்குப் பக்கத்தில்தான் பயணம் செய்யும்.

மூன்று வருடமாக இருவரும் ஒரே ஜோடியாகப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் சுடுவாள். அவன் காற்றைக் கணித்துச் சொல்வான், குண்டு விழுந்த இடத்தையும் சொல்வான். அதைத் தவிர அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று அவன் நெஞ்சில் மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தது. புயல் நேரத்தில் மின்கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற லைன்மேன் அவன்; அவனுக்கு அதை மட்டும் சொல்லத் தைரியம் வரவில்லை.

"சனிக்கிழமை என்ன பண்றீங்க, லைன்மேன்? ஸ்கோப் பார்க்கணும், கூட வாங்க," என்று அவளே கூப்பிட்டபோது அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே முடி வெட்டிக்கொண்டான்.

துப்பாக்கிக் கடைக்காரர் லைல் பென்ரோஸ் மூன்று ஸ்கோப்புகளை மேஜையில் வரிசையாக வைத்து, கண்ணாடியின் தெளிவைப் பற்றிப் பாட ஆரம்பித்தார்.

"யோவ் லைல், நிலாவுல பள்ளம் எண்ணவா வாங்குறேன்? என் வண்டியில ஒரு வருஷம் உயிரோட இருக்கணும், அவ்வளவுதான். மூணையும் குடு, ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஸ்கோப்பை எப்படிம்மா ஓட்டிப் பார்ப்ப?"

"உன் குதிரைங்களுக்கு அடுத்த வாரம் லாடம் அடிக்கணுமா, வேண்டாமா?"

லைல் மூன்றையும் கொடுத்துவிட்டார்.

அவள் வகுத்த பரீட்சை எளிமையானது. எண்ணூறு கஜத் தூரத்தில் வெள்ளையடித்த இரும்புத் தகடு. ஸ்கோப்பை மாட்டி, சரிசெய்து, மூன்று குண்டு. பிறகு துப்பாக்கியைப் பட்டடைக்கல்லுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கல்குவாரிப் பாதையில் இருபது மைல். திரும்பி வந்து, பழைய புள்ளிகள் மறையத் தகட்டுக்கு மறுபடி வெள்ளையடித்து, டயலைத் தொடாமல் இன்னும் மூன்று குண்டு.

முதல் ஸ்கோப் ஒல்லி, அழகு. அதோடு போன இருபது மைலில் எம்மெட்டின் தொப்பி ஜன்னல் வழியே பறந்தது. தலை மூன்று முறை கூரையில் இடித்தது. டோர்லா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தொண்டை கிழியப் பாடினாள், ஒரு சுருதியிலும் நிற்காமல். பட்டடைக்கல் பின்னால் தாளம் போட்டது. இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தோம் என்று அவனுக்கு நினைவே வரவில்லை. திரும்பி வந்து சுட்டபோது மூன்றில் இரண்டு குண்டு தகட்டையே தொடவில்லை.

"ஒழிஞ்சுது! அடுத்தது!" என்றாள்.

இரண்டாவது குட்டை, தடியன், இரும்பு உலக்கை மாதிரி கனம். அதோடும் இருபது மைல் குதித்துவிட்டு வந்தார்கள். அவள் படுத்துச் சுட்டாள். டாங். டாங். டாங். கானல் அலையில் அவளுக்குத் தகடு நெளிந்தது; புள்ளிகள் தெரியவில்லை. எம்மெட்டின் பெரிய தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிந்தது. மூன்றும் நட்டநடுவில், ஒரு கைமுட்டிக்குள் அடங்கும்படி.

"சொல்லுங்க, லைன்மேன்."

இது தேறிவிட்டது என்றால் கதை முடிந்தது. கடைக்குத் திரும்பி, கைகுலுக்கி, அவரவர் வீடு.

"ஒரு சாண் இடது," என்று சொல்லிவிட்டது அவன் வாய்.

"ஒரு சாணா?"

"சாணுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும்."

"சே! நல்லா வரும்னு நெனச்சேன்." அவள் துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தாள். "சரி, வெள்ளையடிச்சுட்டு வரேன்."

"நான் போறேன்! நான்தானே எப்பவும்..."

"உக்காருங்க. தலையில மூணு இடி வாங்கியிருக்கீங்க."

டிரக் போய்விட்டது. எம்மெட் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். வேறு என்ன செய்வது? அவள் இறங்கினாள். தகட்டின் முன் நின்றாள். கைமுட்டியை எடுத்து மூன்று புள்ளிகளின் மேல் வைத்துப் பார்த்தாள், மூன்றும் மறைந்தன. மெதுவாகத் திரும்பி, எண்ணூறு கஜத்துக்கு அப்பாலிருந்து நேராக அவன் கண்ணுக்குள் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அழுகிறாளா? இல்லை, தோள் குலுங்கிய விதம் வேறு. நிமிர்ந்து, ஒற்றை விரலை மடக்கி, வா என்றாள்.

எண்ணூறு கஜத்தையும் அவன் நடந்துதான் போனான். பாதியில் நடை ஓட்டமாகிவிட்டது.

"கண்ணுதான் கெட்டுப்போச்சா, இல்ல மூளையா?" என்றாள் டோர்லா.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"இது தேறிடுச்சுன்னா பரீட்சை முடிஞ்சிடுமே. மூணாவது ஸ்கோப்போட இன்னும் இருபது மைல் பாக்கி இருக்கு." மூச்சு வாங்கியது. "எனக்கு... எனக்கு அந்த இருபது மைல் வேணும், டோர்லா. அதுக்கு அப்புறமும் வேணும்."

அவள் சிரிப்பை நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. "முடி வெட்டிட்டு வந்தப்பவே சந்தேகப்பட்டேன். மூணு வருஷமா சொல்ல வேண்டியதை விட்டுட்டு காத்து பத்தியே பேசிட்டு இருக்கியே, மனுஷா!"

'நீங்க' எங்கேயோ தொலைந்துபோயிருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். அவள் கையில் இருந்த பெயின்ட் டப்பா கீழே விழுந்தது. அடுத்த சில நிமிடங்களுக்குத் தகட்டுக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை.

"வாங்கப்போறது அந்தத் தடியனைத்தான்," என்றாள் கடைசியில், அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. "ஆனா மூணாவதையும் ஓட்டிப் பார்க்காம விட்டா லைல் மனசு கஷ்டப்படும்."

லைலின் மனசு கஷ்டப்படாமல் இருக்க மூன்றாவது ஸ்கோப்பை ஆறு சனிக்கிழமைகள் ஓட்டிப் பார்த்தார்கள். ஏழாவது வாரம் லைலே போன் செய்தார்: "அம்மா தாயே, அது ஸ்கோப்பா, இல்ல தொட்டில் குழந்தையா? கொண்டு வந்து குடுத்துடு!"

ஆகஸ்ட் போட்டியில் நாற்பது ஜோடிகளில் இவர்களுக்குப் பதினோராவது இடம். காற்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் எம்மெட் இரண்டு முறை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். தடியன் ஸ்கோப்பின் மேல் மட்டும் ஒரு குற்றமும் இல்லை.