உட்கார்ந்து வந்த கிழங்குகள்

கண்டக்டரை அவருடைய அக்கா "தம்பி" என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. கரி என்றுதான் கூப்பிடுவாள். ஒருமுறை அக்கா வீட்டு விருந்தில் ஓவனிலிருந்த கோழியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் டி.வி.யில் ஆட்டம் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்த பிறகுதான் கோழி நினைவுக்கு வந்தது. அன்று ஒட்டிய பெயர்.

விடுமுறைச் சாப்பாட்டில் வறுத்த உருளைக்கிழங்கு எப்போதும் அக்காவின் கைவேலை. வேறு யாரையும் விடமாட்டாள். இந்த முறை குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கை மாவுக்கட்டில் இருந்தது. போன் செய்தாள்.

"கோழிய உன் பொண்டாட்டி பாத்துக்குவா. கிழங்கு உன் பொறுப்பு."

"நானா?"

"நீதான்டா கரி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உனக்கு டூட்டி. இன்னைக்கே பாதி வறுத்து ஃப்ரிட்ஜுல வச்சிடு. நாளைக்கு நல்ல சூட்டுல மீதி. கிழங்க நெருக்கி அடுக்காத. நல்லா வந்துச்சுன்னா அந்தப் பேர வாபஸ் வாங்கிக்கறேன்."

"வரலன்னா?"

"பின்னாடி பொறக்கப்போற உன் பேரப்புள்ளைங்களும் கரித் தாத்தான்னு கூப்பிடும்."

சாயங்காலம் அத்தான் வந்தார். அக்காவின் கனத்த இரும்பு டிரே அவர் கக்கத்தில் இருந்தது. வைத்துவிட்டுக் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்து அடுக்களை வாசலில் போட்டுக்கொண்டார்.

"உங்கக்கா போனதும் விசாரிப்பா மாப்ள. கண்ணால பாத்துட்டுப் போறேன்."

கண்டக்டர் தோல் சீவினார். பெரிய துண்டுகளாக நறுக்கினார். உப்புத் தண்ணீரில் ஓரம் மசியும்வரை வேகவைத்து வடித்தார். பானையை மூடி, மேடுபள்ளத்தில் போகும் பேருந்து போலக் குலுக்கினார். கிழங்குகளின் மேலெல்லாம் சொரசொரப்பாயிற்று. டிரேயில் எண்ணெயைச் சூடாக்கி ஒவ்வொன்றாக வைத்தார். டிரே நிறைந்துவிட்டது. பானையில் பாதி மிச்சம்.

"உள்ள போ, உள்ள போ. நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு பாரு."

மனைவி எட்டிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசறீங்க?"

"டூட்டியில இருக்கேன்."

"அண்ணி நெருக்க வேணாம்னாங்களே."

"பத்தாமப் போனா அதுக்குன்னு இன்னொரு பேரு வைப்பா."

ஏற்றினார். கடைசித் துண்டு வரைக்கும் ஏற்றினார். ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓவனிலிருந்து எடுத்தபோது ஓரத்தில் இருந்தவை இளம் பொன்னிறம். நடுவில் இருந்தவை வெளிறி, வியர்த்துப் போயிருந்தன. நாளைக்குச் சரியாகிவிடும் என்று தேற்றிக்கொண்டார். உப்புப் பார்க்க ஒன்றை வாயில் போட்டார். அந்த மூலையில் உப்பு எப்படியோ என்று இன்னொன்று. டிரேயை ஆற வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அத்தான் கிளம்பியிருந்தார். மனைவி டிரேயை மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். சொல்லாமலே செய்கிற மனைவி வாய்த்ததற்குச் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் மத்தியானம் சீருடையோடு நேராக அடுக்களைக்குள் நுழைந்தார். கோழி வெந்து மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து டிரேயை எடுத்து மூடியைத் திறந்தார்.

கடைசி டிரிப் பேருந்து போல இருந்தது. அங்கொருவர் இங்கொருவர். ஒவ்வொருவருக்கும் தனி சீட்.

"டிக்கெட் செக்கிங்," என்று கத்தினார். "எல்லாரும் இங்க வாங்க."

மகள் முதலில் வந்தாள். கல்லூரிப் பெண். பொய் சொல்லத் தெரியாது, சுற்றி வளைக்கத் தெரியும்.

"நான் ஒண்ணுதான்பா எடுத்தேன்."

"ஒண்ணா?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணு."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்து உங்க அத்தான் எடுத்துத் தின்ன எடம் பள்ளமா தெரிஞ்சுச்சு. நீங்க பாத்தா மனசு ஒடஞ்சுடுமேன்னு பரப்பி வச்சேன். பரப்பறப்ப கையில ரெண்டு ஒட்டிக்கிச்சு."

"காலைல நானும் பரப்பித்தான்பா வச்சேன்," என்றாள் மகள், நல்ல பெயர் வாங்கும் குரலில்.

"ஏங்க, நீங்க எடுக்கலையா?"

"நான் உப்புப் பாத்தேன். அது வேற."

புதிதாகக் கிழங்கு சீவிச் சேர்க்கலாமென்று கூடையை இழுத்தார். அழைப்பு மணி அடித்தது. அக்காவின் குரல் வாசலிலேயே கேட்டது. கரி எங்கே என்று விசாரித்தது. அவர் டிரேயை அப்படியே ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். முக்காலியை எடுத்து ஓவன் முன்னால் போட்டு உட்கார்ந்தார். பெயர் போகப் போவதில்லை. குறைந்தபட்சம் கருகாமலாவது இருக்கட்டும்.

கூடத்தில் அத்தான் டி.வி. போட்டார்.

"மாப்ள, ஓடி வா! ஆட்டம் முடியப்போகுது!"

கண்டக்டர் அசையவில்லை.

"யோவ், ஜெயிச்சிடுவாங்க போலயே!"

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. நேரம் பார்த்துக் கதவைத் திறந்தார். கிழங்குகளைத் திருப்பிப் போட்டார். மூடினார். மறுபடி உட்கார்ந்தார். அக்கா கட்டுப் போட்ட கையோடு அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

டிரே மேசைக்கு வந்தது.

கிழங்குகள் எல்லாப் பக்கமும் பொன்னாக முறுகியிருந்தன. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அக்கா இடது கையால் முள்கரண்டியை எடுத்து ஒன்றைத் தட்டினாள். டொக்கென்றது. உடைத்தாள். உள்ளே மாவாய் வெந்து ஆவி பறந்தது.

"நெருக்காம வச்சிருக்கியே! நீயா?"

"நெறையப் பேரத்தான் ஏத்தினேன், அக்கா." அத்தானைப் பார்த்தார். "பாதிப் பேரு வழியிலேயே எறங்கிட்டாங்க."

அத்தான் மின்விசிறியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி எனக்கு சாப்பாடு வேணாம்னாரு," என்றாள் அக்கா. "வயிறு சரியில்லன்னாரு. ஊதிப் போன வயித்தத் தடவிக்கிட்டே சொன்னாரு. அப்பவே நெனச்சேன்."

அவளே பரிமாறினாள். இருந்தது கொஞ்சம்தான். ஆளுக்குக் கொஞ்சம் விழுந்தது. அத்தானின் தட்டைத் தாண்டிக் கரண்டி போயிற்று.

"எனக்கு?"

"உங்களுக்கு நேத்தே ஆச்சு."

கண்டக்டர் தன் தட்டிலிருந்து நன்றாக முறுகிய ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க அத்தான். நீங்க செஞ்ச உதவிய நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"என்ன உதவி மாப்ள?"

"சாப்பிடுங்க."

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டாள். கறுக்முறுக்கென்ற சத்தம் மேசை முழுக்கக் கேட்டது. மெதுவாக மென்றாள். கண்டக்டர் கையில் எடுத்ததை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். மகள் மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள்.

அக்கா விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"உப்புக் கொஞ்சம் கம்மி, தம்பி," என்றாள்.

கண்டக்டர் உப்பெடுக்க எழுந்து போனார். உப்புச் சாடி அடுக்களை மேடையில் கண்ணெதிரேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.