மாமனாருக்கு ஏற்ற சுவிட்ச்

எங்கள் வீட்டு கார் ஷெட்டில் விளக்கு அணைந்தால் உள்ளே இருப்பவர் இல்லாமல் போய்விடுவார். விளக்கு எரிந்தால் திரும்ப வந்துவிடுவார். வெயில், டார்ச், செல்போன் வெளிச்சம் எதுவும் இதில் சேராது. கூரையில் இருக்கும் அந்த ஒரு விளக்குதான். வீட்டை விற்றவர் இதைச் சொல்லித்தான் விற்றார். குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொன்னார்.

மாமியார் இறந்த பிறகு மாமனார் நல்லசிவம் எங்களோடு வந்து தங்கினார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலைப் பலகாரம் முடிந்ததும் காப்பி டம்ளரோடு ஷெட்டுக்குப் போய், காரின் முன்சீட்டில் உட்கார்ந்து ரேடியோவைத் திருப்பிவிடுவார். அதற்குப் பிறகு ஆடமாட்டார், அசையமாட்டார்.

சுவிட்ச் சமையலறைக் கதவோரம் இருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள், முறுக்குச் சுடும் மும்முரத்தில் என் மனைவி பூங்கோதை கைபோன போக்கில் அதை அணைத்துவிட்டாள். மாமனார் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று இருந்துவிட்டோம். பண்டிகை முடிந்து நான் காரை எடுக்கப் போய் விளக்கைப் போட்டேன். அவர் இருந்தார். காப்பியில் ஆவி பறந்தது.

"இன்னும் ஒரு வெடிச் சத்தம்கூடக் காணமே மாப்ள," என்றார்.

பூங்கோதை புது வேட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு அழுதாள். ஆள் நடமாட்டம் பார்த்துத் தானாக எரியும் சுவிட்ச் வாங்குவது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

எலக்ட்ரிக் கடை சாந்தலிங்கம் விவரமாகக் கேட்டார்.

"சாதா ஷெட்டுங்களா, ஆள் இல்லாம போற ஷெட்டுங்களா?"

"இல்லாம போற ஷெட்டு."

"அப்பப் பார்த்துத்தான் எடுக்கோணும். உள்ள இருக்கறவரு அசைவாருங்களா?"

மாமனார் என்றேன். சாந்தலிங்கம் உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்து எரியும் ஒன்றைக் கொடுத்தார். எல்லோரும் வாங்குவது அதுதானாம்.

சுவிட்ச் ஒழுங்காகவே வேலை செய்தது. மாமனார் நடந்து போகும்போது எரிந்தது. அவர் உட்கார்ந்து சற்று நேரமானதும் அணைந்தது. இல்லாதவர் கையை ஆட்டி விளக்கைப் போட முடியாது. அதனால் பூங்கோதை தட்டில் நிலக்கடலையோ வெட்டிய கொய்யாவோ ஏதாவது எடுத்துக்கொண்டு அடிக்கடி உள்ளே போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் விட்ட இடத்திலிருந்து பாட்டைக் கேட்டார்.

ஒருநாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பப்பக் கையை ஆட்டுங்க மாமா. அணையாது."

"அணையட்டும் மாப்ள."

"அப்ப எப்படி இருக்கும் மாமா?"

"ஒண்ணும் இருக்காது. அவ இல்லைங்கறதும் இருக்காது."

இதைப் பூங்கோதையிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். "வேற சுவிட்ச் மாத்துங்க," என்றாள்.

அடுத்தது மூச்சு விடும் அசைவைக்கூடக் கண்டுபிடிக்கும் வகை. சுவரைத் தாண்டியும் பார்க்கும் என்று சாந்தலிங்கம் எச்சரித்தார். மாட்டி முடித்ததும் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா தோசைக் கரண்டியோடு எங்கள் கார் பானெட்டுக்கு முன்னால் நின்றார். அவர்கள் சமையலறை எங்கள் ஷெட் சுவரை ஒட்டியது. சுவிட்ச் அவரையும் எங்கள் ஆளாகச் சேர்த்துக்கொண்டிருந்தது.

"கல்லுல தோசை இருக்குப்பா," என்று சொல்லிவிட்டு அவர் கேட்டைத் திறந்து போனார். நான் சுவிட்சில் இருந்த திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

அதன்பின் மாமனார் இல்லாமல் போகவே இல்லை. காலை முழுவதும் வெளிச்சத்தில் இருந்தார். ரேடியோ போடுவதை விட்டார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார். "கண்ணைக் கூசுது பூவு," என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

பூங்கோதை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, புது சுவிட்சைத் தானே கழற்றினாள்.

"மொதல்ல வாங்கினதையே மாட்டுங்க."

"அவரு போயிருவாரே?"

"தனியாத்தான போறாரு? நானும் கூட உட்கார்ந்துக்கறேன்."

மாட்டினேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே நின்றேன். கீழே இடுக்கில் தெரிந்த வெளிச்சம் சற்று நேரத்தில் அணைந்தது. உள்ளே ரேடியோ இல்லை, பேச்சும் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளை வரை வெயிலில் அங்கேயே நின்றேன். அதற்கு மேல் முடியவில்லை. ஷட்டரைத் தூக்கி உள்ளே காலை வைத்தேன்.

விளக்கு எரிந்தது. இருவரும் இருந்தார்கள். கார் சக்கரங்களில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. பூங்கோதையின் தலை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் பன் தின்றுகொண்டிருந்தார். பின்சீட்டில் எனக்குத் தெரியாத ஒரு கணவனும் மனைவியும் ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சத்தியமங்கலம் வந்துருச்சுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லீங்க, இன்னும் கொஞ்சம் இருக்குது," என்றாள் பூங்கோதை. அவர்களுக்குத் துவட்டிக்கொள்ள ஒரு துண்டு வேண்டும் என்றாள். எடுத்து வந்து கொடுத்தேன்.

மாமனார் கடைசித் துண்டு பன்னை வாயில் போட்டுக்கொண்டு பின்னால் திரும்பினார்.

"எல்லாரும் கொஞ்சம் ஆடாம இருங்க," என்றார்.

நான் வெளியே வந்து ஷட்டரை இறக்கினேன்.