கார்டு இலவசம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு மனுஷன் மூஞ்சியைப் பார்த்துப் பேசவே தெரிவதில்லை. காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். சுயம்புலிங்கம் கோபாலபுரத்தில் இஸ்திரி வண்டி போட்ட நாளிலிருந்து அவரை நம்பிப் பட்டுப்புடவையைக் கொடுத்த வீடுகள் எத்தனையோ உண்டு. ரசீது கேட்டவர் ஒருத்தர் கிடையாது. சட்டைப்பையில் மறந்து வைத்த நோட்டு மடிப்புக் கலையாமல் திரும்பிப் போயிருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஆளிடம், லஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டான்:

"காலி அட்டை எங்கே?"

"இன்னா அட்டை?"

"போன மாசம் வாங்கிட்டுப் போன மாத்திரை அட்டை. அதைத் திருப்பிக் குடுத்தாத்தான் புதுசு. கார்டு குடுக்கும்போதே சொன்னோமில்ல?"

சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அவர் காதில் எது ஏறியது? பொண்டாட்டி தேவானைக்கு வயிற்றில் வந்த புற்று முதுகெலும்பு வரை போய்விட்டது, இனி வலிக்கு மருந்து கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னதுதான் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது. மார்ஃபின் மாத்திரை. அபினிலிருந்து எடுக்கிறதாம். சும்மா கேட்டால் கிடைக்காதாம், கார்டு வேண்டுமாம்.

கார்டு இலவசம் என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். இலவசம்தான், யார் இல்லையென்றது? போட்டோ ஒட்ட வேண்டும் என்று, உட்கார முடியாதவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். ரேஷன் கார்டு நகலில் பச்சை மையில் கையெழுத்து வேண்டும் என்று, யாரோ ஒரு ஆபீசர் வீட்டு கேட்டில் கால் கடுக்க நின்றார். அந்த ஆபீசர் பூஜை முடித்து, காபி குடித்து, பேப்பர் படித்துவிட்டு வந்தார். கார்டு கைக்கு வந்த பிறகும் மாசாமாசம் வண்டியை மூடிவிட்டு இங்கே வந்து வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் நாலு வீட்டுத் துணி அடுத்த தெரு வண்டிக்குப் போயிருக்கும். இலவசத்துக்கே இந்தப் பாடு.

"அட்டை இல்லப்பா. ஒண்ணொண்ணா வெட்டிக் குடுத்துட்டேன்."

இப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "வெட்டிக் குடுத்தியா? யாருக்கு?"

"யாருக்குக் குடுப்பாங்க? என் பொண்டாட்டிக்கு."

நடந்தது இதுதான். பகலில் அவர் வண்டியில் நிற்கும்போது தேவானைக்கு மாத்திரை கொடுப்பது பக்கத்துப் போர்ஷன் ஹாஜிரா பீ. நல்ல பொம்பளைதான். ஆனாலும் முழு அட்டையை யார் கையிலும் கொடுக்கச் சுயம்புலிங்கத்துக்கு மனசு வராது. தகர டப்பாவில் பூட்டி வைத்து, பகலுக்கு வேண்டியதை மட்டும் காலையில் கத்தரிக்கோலால் வெட்டி அவளிடம் கொடுப்பார். மருந்துக் கடைக்காரன் ரெண்டு மாத்திரை கேட்டால் வெட்டித்தானே தருகிறான்? மாத்திரை வாய்க்குப் போனதும் துண்டு குப்பைக்குப் போய்விடும்.

"இது வெளியில என்ன விலை போகும்னு தெரியும் தாத்தா. எத்தனையை வித்த?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், யாரப் பாத்து இன்னா கேக்கற? மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாரு. கஞ்சாப் பொட்டலத்த வேர்க்கடலை மாதிரி வித்துக்கினு கீறானுங்க. அவனாண்ட போய்க் கேளேன் கார்டை! வலில துடிக்கிறவ கிட்டதான் உன் சட்டமெல்லாம் நீட்டுவியா?"

"சத்தம் போடாத. பேஷண்டைக் கூட்டிட்டு வா. டாக்டர் பார்த்துச் சொன்னாத்தான் மாத்திரை."

வீட்டில் கடைசி மாத்திரை காலையிலேயே தீர்ந்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது தேவானை புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். விஷயத்தைக் கேட்ட ஹாஜிரா பீ குப்பைத் தொட்டிக்கு ஓடினாள். கார்ப்பரேஷன் லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த ரெண்டு மூணு துண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தவள், அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"முழுசா என்னாண்ட குடுத்திருந்தா பத்திரமா வச்சிருப்பேன்ணே. நான் இன்னா தின்னுடுவேனா?"

அவர் துண்டுகளை மடியில் முடிந்துகொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

ஆட்டோவில் தேவானையை நடுவில் வைத்து ரெண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ராயப்பேட்டை ஹைரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் அவள் முனகினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.

"வலிக்குத்தான பெரிசு? நான் ஒரு பொட்டலம் வாங்கித் தரவா? கார்டும் வேணாம், ஒரு கஸ்மாலமும் வேணாம்."

சுயம்புலிங்கம் வாயைத் திறப்பதற்குள் தேவானையே சொன்னாள்: "ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா. அது போதும் எனக்கு."

டாக்டர் ஸ்ரீநாத் சின்ன வயசுக்காரர், இடுப்பில் பேஜர். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளிடம் குனிந்து, "மாத்திரை எல்லாம் நீங்களே சாப்பிட்டீங்களாம்மா? வீட்ல யாரும் எடுத்து வெளிய குடுக்கலையே?" என்று கேட்டார்.

இதைக் கேட்கத்தான் இவளை இவ்வளவு தூரம் உலுக்கிக்கொண்டு வரச் சொன்னார்களா?

தேவானை மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "இந்த மனுஷனா? கட்டின பொண்டாட்டி கைல ஒரு மாத்திரை சேத்துக் குடுக்க மாட்டாரு சார். டப்பாக்குப் பூட்டு, சாவி அரணாக்கயித்துல. இவரு போயி விக்கிறாராம்!"

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாத்திரையை அங்கேயே கொடுக்கச் சொன்னார். ஆனால் இனி ஒரு வாரத்துக்குத்தான் மருந்து. வாராவாரம் வரவேண்டும், காலி அட்டையோடு.

"சட்டம் அப்படிங்க. தப்பான கைக்குப் போயிடக் கூடாதுன்னுதான். உங்க நல்லதுக்குத்தான்."

சுயம்புலிங்கம் இரண்டு கையையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு விரலுக்கு விரல் இருந்தது.

"இதுல எது தப்பான கை டாக்டரே? பாத்துச் சொல்லு."

பேஜர் கூவியது. டாக்டர், "எக்ஸ்கியூஸ் மீ" என்று நகர்ந்தார்.

மாத்திரை வேலை செய்து, தலைப்பைப் பற்றியிருந்த தேவானையின் பிடி மெள்ளத் தளர்ந்து, அவள் கண் அசந்த பிறகு ஆட்டோவில் ஏற்றினார்கள். ஹாஜிரா பீ கையை நீட்டினாள். அவர் புது அட்டையை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வெட்டாமல் அப்படியே கொடுத்தார்.

"தொலைச்சிடாத."

"பூட்டு வாங்கிக்கவா அண்ணே?"

பெண்கள் ரெண்டு பேரோடும் ஆட்டோ கிளம்பியது. இஸ்திரி வண்டியில் குவிந்து கிடந்த துணி ஞாபகம் வந்து அவர் நடக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வாசலில் 'கார்டு இலவசம்' என்ற அந்தச் சுவர் எழுத்து. எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை படித்தார்.

"நல்லதுக்காம்," என்று வாட்ச்மேனிடம் சொன்னார். அவன் எதற்கென்று புரியாமல் தலையாட்டினான். "யாருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறானுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.